எங்கள் மே மாதக் கணக்கு

விடுமுறை முடிந்து ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் எல்லா வகுப்புகளிலும் ஒரே வினா எழுகிறது. விடுமுறையைப் பயனுள்ள வகையில் எவ்வாறு கழித்தீர்கள் என்பதே அது. நாம் அளிக்கும் விடையும் ஆண்டுதோறும் ஒன்றேதான். ஆங்கில இலக்கணம் படித்தோம், பழைய வினாத்தாள்களுக்கு விடை எழுதினோம், அம்மாவுக்கு ஒத்தாசையாக இருந்தோம் என்போம். கட்டுரை ஏட்டில் 'நன்று' என்று சிவப்பு மையில் விழும். விளையாடினோம் என்று எழுதத் துணிந்தவர் நம்மில் எத்தனை பேர்?

விஸ்வநத்தத்திலிருந்து இப்பள்ளிக்கு வரும் பத்தாம் வகுப்பு மாணவியர் நாங்கள் எழுவர். 2025 மே மாதத்தில் எங்கள் மகிழ்ச்சிக்காகவே நாங்கள் படித்ததையும் கேட்டதையும் பார்த்ததையும் ஆடியதையும் இங்கே கணக்கு ஒப்படைக்கிறோம். ஒப்படைப்பதோடு நில்லாமல் ஒரு வழக்கும் ஆட வந்திருக்கிறோம். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இவையெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களோடுதான் வழக்கு.

முதலில் எங்கள் ஊர் மே மாதத்தைச் சொல்லிவிடவேண்டும். மற்ற ஊர்களில் அது விடுமுறைக் காலம். எங்கள் ஊரிலோ தீபாவளி அப்போதே தொடங்கிவிடுகிறது. பட்டாசு ஆபீசுக்குப் போகும் அம்மாக்கள் விடியுமுன் எழுந்து, சோறாக்கி வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்கள் திண்ணையில் அமர்ந்து காகிதக் குழாய் உருட்டுவார்கள். மருந்து சேராத வெறும் குழாய்தான். ஆனால் குரோஸ் கணக்கில் கூலி. ஆகையால் பள்ளி மூடியது என்றால் வீட்டில் இரண்டு கை கூடிற்று என்று பொருள். அண்ணன் தம்பிகளின் கைகள் ஏனோ இந்தக் கணக்கில் சேருவதில்லை. அவர்களுடைய கைகள் கிரிக்கெட் மட்டையைப் பிடிக்கப் பிறந்தவை போலும்!

குழாய் உருட்டும்போது கைக்குத்தான் வேலை, காது சும்மா இருக்கிறது. எனவே எங்கள் மாதத்தில் பாட்டுக்கே அதிக நேரம் கிடைத்தது. கொடைக்கானல் மலையிலிருந்து வரும் கோடைப் பண்பலை எங்கள் தெருவில் எந்த வீட்டின் முன் நின்றாலும் காதில் விழும். ஒரு பாட்டின் பாதியை ஒரு வீட்டிலும் மறுபாதியை அடுத்த வீட்டிலும் கேட்டுக்கொண்டே தெருவைக் கடந்துவிடலாம். எங்களில் ஒருத்தியின் அப்பத்தா, தம் காலத்தில் இலங்கை வானொலியை இப்படித்தான் கேட்டார்களாம். மாலையில் மாதா வணக்க மாதத்துப் பாடல்கள். எங்களில் நால்வர் கிறிஸ்தவர், மூவர் இந்துக்கள். மாதா பாட்டை எழுவருமே பிழையின்றிப் பாடுவோம்.

அந்த மாதம் நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்டது இளையராஜா இசையமைத்து 2005-இல் வெளிவந்த திருவாசகம். பண்ணைப்புரத்தில் பிறந்த அவர் 2025 மார்ச் 8-இல் இலண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றிய செய்தியைப் படித்ததிலிருந்து அவருடைய பெரிய இசைப்படைப்பு ஒன்றையாவது முழுதாகக் கேட்டுவிட வேண்டும் என்ற ஆவல் எங்களுக்கு. சைவத் திருமறை ஒன்று இவ்வாறு இசைவடிவம் பெற முன்னின்று உழைத்தவர் ஜெகத் கஸ்பர் என்னும் கத்தோலிக்கக் குரு என்பது நம் பள்ளிக்குப் பெருமை தரும் செய்தி. அதில் ஒரு பாடல் திருப்பொற்சுண்ணத்திலிருந்து எடுக்கப்பட்டது. பொற்சுண்ணம் என்பது பெண்கள் கூடி நின்று வாசனைப் பொடி இடிக்கும்போது பாடுவது. அதைக் கேட்டபோது எங்கள் அம்மாக்களை நினைத்துக்கொண்டோம். அவர்களும் நாளெல்லாம் பொடியோடுதான் பழகுகிறார்கள். வாசனைதான் வேறு.

பிறகுதான் ஒன்றைக் கவனித்தோம். திருவாசகத்தில் அம்மானை, பொன்னூசல், சாழல், பூவல்லி என்று பகுதி பகுதியாக வருகின்றனவே, அவையெல்லாம் யாருடையவை? பெண்பிள்ளைகள் காய் வீசியும், ஊஞ்சல் ஆடியும், பூக் கொய்தும் பாடிய விளையாட்டுப் பாட்டுகளின் மெட்டும் அமைப்பும் அல்லவா அவை! மாணிக்கவாசகர் இறைவனைப் பாட நினைத்தபோது, தெருவில் ஆடிக்கொண்டிருந்த பெண்களின் பாட்டை எடுத்துக்கொண்டார். குமரகுருபரர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் மதுரைக்கு அரசியான அம்மையை அம்மானை ஆடவும், நீராடவும், ஊசல் ஆடவும் அழைக்கிறார். மீனாட்சிக்கு விளையாட அனுமதி உண்டு, மதுரையிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் உள்ள எங்களுக்கு இல்லை என்றால் எப்படி?

படித்த நூல்களைப் பற்றிச் சொல்லப் புகுந்தால் பக்கம் போதாது. எங்களைக் கட்டிப்போட்ட மூன்றை மட்டும் சொல்கிறோம்.

ஒரு தோழியின் தந்தை தம் தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த முத்து காமிக்ஸ் இதழ்கள் எங்களுக்குப் புதையலாகக் கிடைத்தன. முத்து காமிக்ஸ் 1972-இல் நம் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் வெளியீடே 'இரும்புக்கை மாயாவி'. மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடல் மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். இங்கிலாந்தில் 1962-இல் தோன்றிய கதையாம். 1984-இல் லயன் காமிக்ஸும் இங்கிருந்தே வந்தது. இத்தாலிய நாட்டு டெக்ஸ் வில்லரும், பெல்ஜிய நாட்டு லக்கி லுக்கும் தமிழ் பேசக் கற்றுக்கொண்டது சிவகாசியில்தான். சிவகாசி என்றால் வெடியும் தீப்பெட்டியும் காலண்டரும் என்றே வெளியூரார் நினைக்கிறார்கள். தமிழ்நாடு முழுவதும் பிள்ளைகள் கடைக்காரரை நச்சரித்து வாங்கிய கதைகள் எங்கள் பக்கத்து அச்சகங்களில் அச்சானவை என்பதை இந்த மே மாதம் வரை எங்களுக்கே யாரும் சொல்லவில்லை. அந்தப் பெட்டியைத் திறக்க அத்தோழியின் தந்தை போட்ட நிபந்தனை, கை கழுவிவிட்டுத் தொடவேண்டும் என்பது. பைபிளுக்குக்கூட அவர் அப்படிச் சொன்னதில்லையாம்!

காமிக்ஸ் படிப்பது நேரக்கேடு என்பவர்களுக்கு நாங்கள் காட்டும் சாட்சி வீரமாமுனிவர். 1680-இல் இத்தாலியில் பிறந்து, இயேசு சபைக் குருவாக வந்து, இங்கிருந்து வெகு தொலைவில் இல்லாத காமநாயக்கன்பட்டியிலும் பணியாற்றிய பெரியவர். தேம்பாவணி என்னும் பெருங்காப்பியமும் சதுரகராதியும் தந்த அதே கைதான் 'பரமார்த்த குரு கதை'யையும் எழுதிற்று. பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி விலை பேசும் சீடர்களைப் படித்துவிட்டு நாங்கள் சிரித்த சிரிப்பில், குழாய் உருட்டிய பசைச் சட்டி கவிழ்ந்தது. சிரிக்க வைப்பது தமக்குத் தகாத வேலை என்று அம்முனிவர் எண்ணவில்லை. அதைப் படிப்பது மட்டும் எங்களுக்கு எப்படித் தகாததாகும்?

மூன்றாவது, கி. ராஜநாராயணன். கோவில்பட்டிக்கு அருகே இடைசெவலில் 1923-இல் பிறந்து 2021-இல் மறைந்த கரிசல் எழுத்தாளர். 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்காக 1991-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். அவர் தொகுத்த நாட்டுப்புறக் கதைகளை வாய்விட்டுப் படித்தோம். திண்ணையில் குழாய் உருட்டிக்கொண்டிருந்த அப்பத்தா இடையில் மறித்து, "அது அப்படி இல்லைத்தா, அந்த ராசாவுக்கு ரெண்டு பொண்டாட்டி" என்று திருத்தம் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அவர் ஓர் அகராதியே தொகுத்திருக்கிறார். கட்டுரையில் நாங்கள் எழுதினால் கொச்சை என்று அடிக்கப்படும் வீட்டுச் சொல்லுக்கு அகராதியில் இடம் கிடைத்திருக்கிறது என்றறிந்தபோது உண்டான மகிழ்ச்சியைத் தமிழம்மா மன்னிப்பார்களாக.

அடுத்து, பார்த்தவை. கைப்பேசியில் பார்த்ததைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அது அண்ணன் கையில் நாளெல்லாம் இருக்கும், எங்கள் கைக்கு அரைமணி நேரம் வரும், அதுவும் அம்மாவின் பார்வையில். அந்த அரைமணியைப் பெரும்பாலும் கோகோவுக்கே செலவிட்டோம். 2025 ஜனவரியில் புதுடெல்லியில் முதலாவது கோகோ உலகக் கோப்பை நடந்ததே, அதன் இறுதி ஆட்டத்தில் நம் பெண்கள் நேபாளத்தை 78-40 என்று வென்றதை நான்கு தடவை பார்த்தோம்.

ஆனால் உண்மையாக நாங்கள் ஏங்கியது ஊர்ப் பொங்கலுக்குப் போட்ட 'வள்ளி திருமணம்' நாடகத்துக்குத்தான். சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்த வழியில் இன்றும் நம் பக்கத்து மேடைகளில் விடிய விடிய நடக்கும் நாடகம் அது. ஆர்மோனியமும் மிருதங்கமும் ஒலிக்கத் தொடங்கியதும் பாயை எடுத்துக்கொண்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தோம். பபூன் வந்து எல்லாரையும் சிரிக்க வைத்தார். மணி பதினொன்றைத் தாண்டியதும் ஒவ்வொருவர் வீட்டிலிருந்தும் ஆள் வந்துவிட்டது. "பொம்பளப் பிள்ளைகளுக்கு இம்புட்டு நேரம் என்ன நாடகம்?" என்று எழுப்பிக் கூட்டிச் சென்றுவிட்டார்கள். வள்ளி மேடைக்கு வந்ததையே நாங்கள் பார்க்கவில்லை. வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கம் ஒலிபெருக்கி வழியாக அரைத் தூக்கத்தில் காதில் விழுந்ததோடு சரி. எட்டாம் வகுப்புப் படிக்கும் தம்பி விடியற்காலையில் வந்து முழுக் கதையையும் சொன்னான். அதுவும் தவறாகச் சொன்னான்.

எண்ணிப் பாருங்கள். தினைப்புனத்தில் பரண்மேல் நின்று கவண் வீசி, தனியாகக் காவல் காத்தவள் வள்ளி. வயது எங்கள் வயதுதான் இருக்கும். வந்து நிற்பவர் நாரதரே ஆனாலும் வாய்க்கு வாய் பதில் சொல்கிறாள். அவளை ஊரே விழித்திருந்து பார்க்கிறது, கை தட்டுகிறது. அவள் வயதுப் பெண்கள் மட்டும் வீட்டில் தூங்கவேண்டும்! பெற்றோரின் அச்சம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. அம்மாவோ அத்தையோ உடன் அமர்ந்து பார்த்தால் அந்த அச்சம் தீருமே. அவர்களுக்கும் வள்ளியைப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்றோ!

இனி விளையாட்டு. வெயில் நேரத்தில் வீட்டுக்குள்ளே பல்லாங்குழி, தாயம், ஐந்தாங்கல். சனி ஞாயிறுகளில் கேரம். கேரம் பலகையில் பவுடர் தூவும்போதெல்லாம் காசிமாவின் பெயரைச் சொல்லிக்கொள்வோம். சென்னைப் புதுவண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள், 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றவர். வெயில் தாழ்ந்ததும் பொட்டலில் கோடு கிழித்துப் பாண்டி ஆடுவோம். எங்கள் சில்லு உடைந்த ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கியது. நம் பக்கத்து வெம்பக்கோட்டையில், வைப்பாற்றுக் கரையில் 2022 முதல் தொல்லியல் துறையினர் அகழ்ந்து எடுத்த பொருட்களின் படத்தை நாளிதழில் கண்டபோது எங்களுக்கு வியப்புத் தாளவில்லை. சுடுமண்ணில் செய்த ஆட்டக்காய்களும் வட்டச் சில்லுகளும் அதில் இருந்தன. எங்கள் பாவாடை மடியில் கிடந்த சில்லை எடுத்துப் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அந்தக் காலத்துச் சில்லு எங்களுடையதைவிட நன்றாகத் தேய்க்கப்பட்டிருந்தது.

கோகோவுக்குத்தான் திடல் இல்லை. ஒரு பக்கம் சீமைக் கருவேல், மறுபக்கம் பையன்களின் கிரிக்கெட். அவர்கள் ஆட்டம் முடிந்து இருட்டும் வேளையில்தான் எங்களுக்கு இடம் கிடைக்கும், இருட்டியபின் எங்களுக்கு வெளியே வேலை இல்லை. எனவே அவர்கள் எழுவதற்கு முன், காலை ஐந்தரைக்கு ஆடினோம். ஆள் போதாததற்குத் தெருச் சிறுமிகளைச் சேர்த்துக்கொண்டோம். அவர்கள் எங்களைவிட விரைவாக ஓடினார்கள். எதிர்வீட்டு அத்தை ஒருநாள் வாசல் தெளித்தபடியே, "பத்தாவது போகப்போற பிள்ளைக, இன்னும் என்னடி ஓட்டம்?" என்று கேட்டார்கள். மறுநாள் அவர்களே நின்று எண்ணிக்கை சொன்னார்கள் என்பதையும் குறிப்பிடுவதே முறை.

மாதக் கடைசியில் நாங்கள் பார்த்த ஒரு படத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கணக்கு முடியாது. சலம் பென்னுர்கர் என்பவர் எடுத்து 1990-இல் வந்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்னும் ஆவணப்படம். குட்டி ஜப்பான் என்பது நம் சிவகாசிதான். குழந்தைகள், அக்காலத்தில் தீப்பெட்டி, பட்டாசு ஆபீசுகளில் வேலை செய்த பிள்ளைகள். அப்பத்தாவையும் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு பார்த்தோம். அப்பத்தா எட்டு வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவர்கள். விடியுமுன் ஊருக்குள் வந்து நிற்கும் வண்டியில் தூக்கக் கலக்கத்தோடு ஏறிப்போய், சட்டத்தில் தீக்குச்சி அடுக்கியிருக்கிறார்கள். படம் ஓடும்போது ஒன்றும் பேசவில்லை. முடிந்தபின், "அந்த வயசுல என்ன அப்பத்தா விளையாடுவீங்க?" என்று கேட்டோம். நெடுநேரம் யோசித்து, "யாரு முந்தி அடுக்குறதுன்னு பந்தயம் வைப்போம்த்தா, அதான் வெளையாட்டு" என்றார்கள்.

அந்த விடைக்குப் பிறகு எங்களுள் யாருக்கும் பேச்சு எழவில்லை.

1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளுக்காக எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி இருபதாயிரம் ரூபாய் கட்டவேண்டும், அப்பணம் குழந்தைகளின் நலநிதிக்குச் சேரவேண்டும் என்றது அத்தீர்ப்பு. 2016-இல் சட்டம் திருத்தப்பட்டு, பதினெட்டு வயது நிரம்பாத எவரையும் வெடிமருந்து போன்ற ஆபத்தான வேலைகளில் வைக்கக்கூடாது என்றாயிற்று. எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் கையிலிருந்து தீக்குச்சியை வாங்கி வைக்க எத்தனை ஆண்டுகள், எத்தனை பேருடைய உழைப்பு! வாங்கி வைத்த பின் அந்தக் கையில் எதைக் கொடுப்பது? புத்தகத்தைக் கொடுத்தோம் என்கிறார்கள். உண்மை. அதற்காக நாங்கள் நன்றி மறவோம். ஆனால் ஐக்கிய நாடுகள் சபை 1989-இல் ஏற்றுக்கொண்ட, இந்தியாவும் 1992-இல் ஒப்புக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் கலையையும் உரிமை என்றே சொல்கிறது. அந்த உடன்படிக்கையின்படி பதினெட்டு வயது வரை குழந்தைதான். எங்களுக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் பாக்கி இருக்கின்றன.

விளையாடினால் மூளை சுறுசுறுப்பாகும், மதிப்பெண் கூடும் என்று சொல்லி அனுமதி வாங்கலாமே என்று ஓர் அக்கா யோசனை சொன்னார். எங்களுக்கு அதில் விருப்பமில்லை. மதிப்பெண் கூடினால் நல்லதுதான். கூடாவிட்டால் விளையாட்டைப் பிடுங்கிக்கொள்வீர்களா? அப்பத்தாவுக்குப் பிடுங்கப்பட்டது மதிப்பெண் அன்று. குடும்பக் கஷ்டம் தெரியாமல் பேசுகிறோம் என்றும் சிலர் கருதக்கூடும். நாங்களும் குழாய் உருட்டியவர்களே. அந்த மே மாதத்தில் எழுவர் வீட்டிலும் ஒரு நாள் கணக்குகூடக் குறையவில்லை. பாரதியார் பாப்பாவுக்கு நாளை வகுத்துக் கொடுத்தபோது மாலைப் பொழுது முழுவதையும் விளையாட்டுக்கே விட்டுவிட்டார். பாப்பா பத்தாம் வகுப்புக்கு வந்தால் அது ரத்தாகும் என்று அவர் எங்கும் எழுதவில்லை.

ஆதலின் பெற்றோருக்கும் அருட்சகோதரியருக்கும் எங்கள் வேண்டுகோள்கள் இவை. கோடை விடுமுறையில் பள்ளி நூலகத்தை வாரம் ஒரு நாளாவது திறந்து வையுங்கள். பொதுத் தேர்வு எழுதும் வகுப்புக்கு உடற்பயிற்சிப் பாடவேளையை அறிவியலுக்கோ கணக்கிற்கோ கடன் கொடுக்காதீர்கள். கொடுத்த கடன் இதுவரை திரும்பி வந்ததில்லை. வீட்டில் பெண்பிள்ளை ஓரமாக அமர்ந்து கதைப் புத்தகம் படித்தால், சும்மா இருக்கிறாள் என்று எண்ணி வேலை ஏவாதீர்கள். அடுத்த பொங்கலுக்கு 'வள்ளி திருமணம்' போட்டால் அம்மாக்களும் பாயோடு வரவேண்டும்.

ஜூன் 2-ஆம் நாள் பள்ளி திறந்த அன்றே திடலைப் பற்றித் தலைமை ஆசிரியை சிஸ்டரிடம் எழுவரும் சென்று கேட்டோம். பத்தாம் வகுப்பா என்று முதலில் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்கள். பிறகு, வெள்ளிக்கிழமை மாலை நாலரை முதல் ஐந்து வரை ஆடிக்கொள்ளலாம், ஐந்து மணிப் பேருந்தைத் தவறவிட்டால் அத்தோடு நின்றுவிடும் என்றார்கள். எழுவராகப் போனவர்கள் இப்போது இருபத்திருவர் வருகிறோம். பேருந்தை இதுவரை தவறவிட்டதில்லை. இரண்டு அணிக்கும் போக மீதி நான்கு பேர் எண்ணிக்கை சொல்கிறார்கள்.